மேலே உள்ளபடி

எங்கள் அலுவலகத்தில் டிரம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எல்லோரும் அக்கா என்னும்போது நான் மட்டும் வேறு மாதிரிக் கூப்பிட்டால் திமிர் என்பார்கள். ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நாங்கள் பெரிய சலவை மெஷின்களுக்குள் ஓடும் புரோகிராம் எழுதுகிறவர்கள். வீட்டில் மூலையில் நிற்கும் மெஷின் இல்லை. மருத்துவமனையிலும் விடுதியிலும் அறுபது கிலோ படுக்கை விரிப்பை ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் மெஷின். எப்போது தண்ணீர் பிடிப்பது, எவ்வளவு சூடாக்குவது, எப்போது கதவைத் திறக்க விடுவது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. துவைப்பது பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் சட்டையை நான் துவைத்து இருபது வருடம் ஆகிறது.

டிரம் அக்காவுக்குத் தெரியும். பதினாறு வருடம் ஒரு மருத்துவமனையின் துணி அறையில் மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டியவர். ஒருமுறை எங்கள் மெக்கானிக் அங்கே பழுது பார்க்கப் போனபோது, அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அக்கா, "இடது பக்கம் பேரிங் போயிடுச்சுங்க" என்றிருக்கிறார். மெக்கானிக்குக்கு ரோஷம். வேண்டுமென்றே வலது பக்கத்தை முதலில் கழற்றி ஒரு மணி நேரம் வீணாக்கிவிட்டு இடது பக்கத்துக்கு வந்தார். பேரிங்தான். திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னார். ரோஷக்காரர் என்றாலும் நேர்மையானவர்.

அப்படித்தான் அவரை டெஸ்டிங் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பின்னறையில் அரை ஆள் உயரத்துக்கு டெஸ்ட் ஓட்ட ஒரு மாடல் மெஷின் உண்டு. வந்த முதல் நாளே அதன் டிரம்மில் காதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் பதினான்கு மாதம் மாலை வகுப்புக்குப் போய், நாற்பத்து நான்காம் வயதில் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஒளிப்பானேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, சொல்லிக்கொடு என்றபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் திரையில் படிக்கமாட்டார். அச்செடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, நின்றுகொண்டு படிப்பார். எழுதும்போது வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக்கொள்வார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அந்தக் கையின் தோல் வேறு நிறத்தில், வழவழப்பாக, இழுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வார் என்று எனக்குப் பயம்.

போன மாதம் அவர் முதன்முதலாகத் தனியாக எழுதிய புரோகிராம் தயாரானது. நோயாளிகளின் துணிக்கென்று தனிச் சலவை. கிருமிநாசினி போட்டு, கொதிக்கக் கொதிக்க அலசும் வகை. திங்கட்கிழமை காலை அது முதலில் ஏறப்போவது அவருடைய பழைய மூன்றாம் நம்பர் மெஷினில். அந்த மெஷினை இப்போது ஓட்டுவது அவருடைய தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையை வளர்த்தது இவர்தான். அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் இவர்தான். இங்கே வரும்போது மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவரும் இவர்தான். ஆக, அக்கா எழுதியதை நம்பி முதலில் கதவைத் திறந்து உள்ளே போகப்போகிற கை தங்கையின் கை.

இப்போது கொஞ்சம் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கே இது முழுதாகப் புரியும் என்று சொல்லமாட்டேன். எங்கள் புரோகிராமில் எல்லாம் குடும்பம் குடும்பமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 'மெஷின்' என்று ஒரு கிளாஸ். எந்த மெஷினும் செய்ய வேண்டிய வேலைகள் அதில் இருக்கும். அதன் கீழே 'வெந்நீர்ச் சலவை'. அதற்கும் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற தனித்தனிச் சலவைகள். அலுவலகத்தில் தாத்தா கிளாஸ், அப்பா கிளாஸ், பிள்ளை கிளாஸ் என்போம். தாத்தாவுக்குத் தெரிந்த வேலை, எழுதாமலே பிள்ளைக்கும் வந்துவிடும். பிள்ளைக்கு அது போதவில்லை என்றால் அதே வேலையைத் தன் பாணியில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதும்போது, 'அப்பா செய்வதையும் செய்' என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் சூப்பர்.

இதை நான் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்த நாளில் அவர் சிரித்தார்.

"இது எங்க நோட்டு சார்" என்றார்.

துணி அறையில் ஒரு நோட்டு உண்டாம். ஷிப்ட் முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவருக்காக, மெஷினை எப்படி நிறுத்தித் திறக்க வேண்டும் என்று எழுதிவைப்பார். யாரும் முழுதாக எழுதுவதில்லை. 'மேலே உள்ளபடி. கூடவே சோப்புத் தட்டைக் கழுவவும்' என்று ஒருவர். 'மேலே உள்ளபடி. கூடவே ரப்பர் வளையத்தைத் துடைக்கவும்' என்று அடுத்தவர். மேலே போய்ப் பார்த்தால் அதற்கு மேலே, அதற்கும் மேலே. முதல் பக்கத்தில் யாரோ முழுசாக எழுதியிருப்பார்.

"அதேதான்க்கா" என்றேன். "நீங்க அப்பாவைக் கூப்பிட்டாப் போதும். தாத்தா வரைக்கும் எல்லாம் தானா வந்துடும்."

இப்படிச் சொன்னது நான்தான். வாசகர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் மூன்று தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக டேப் போட்டு ஒட்டி, என் மேஜைப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க."

"நான் கூப்பிடறேன். யாரு வர்றாங்கன்னு தெரியலை."

தாளைப் பார்த்தேன். மூன்று தலைமுறையும் 'கதவைத் திற' என்ற ஒரே வேலையைத் தங்கள் தங்கள் பாணியில் எழுதியிருந்த பகுதி. மேல் தாளில் தாத்தா: தண்ணீரை வெளியேற்று, உள்ளே சூடு நாற்பது டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திரு, பூட்டை விடு. கீழ்த் தாளில் அக்காவுடையது: கிருமிநாசினி அளவைப் பதிவு செய், பிறகு சூப்பர். அந்த இடத்தில் பென்சிலால் 'மேலே உள்ளபடி' என்று எழுதி வைத்திருந்தார். நடுத் தாளில் அப்பா: மருந்துத் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியேற்று, ஒருமுறை சுழற்று, பூட்டை விடு. அவ்வளவுதான்.

"அப்பா தாத்தாவைக் கூப்பிடவே இல்லையே சார். அப்ப காத்திருக்கறது யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு ஒன்று புரியாதபோது முதலில் வருவது அதுதான்.

"வேற எங்கேயாவது இருக்கும்க்கா. ஒன்பது வருஷமா நாப்பது இடத்துல ஓடுது. யாரு கையும் வேகலை. டெஸ்ட் எல்லாம் பாஸ், திரையில பச்சை."

"இருக்கும் சார். எங்கேன்னு காட்டுங்க."

காட்டப்போனேன். அங்கேதான் குழப்பம் தொடங்கியது. முதலில், தாத்தாவுடையது எப்படியும் தானாக ஓடும் என்று விளக்கினேன். பாதியிலேயே அது தவறு என்று எனக்கே தெரிந்தது; அப்பா தன் பாணியில் எழுதிவிட்டால் தாத்தாவுடையது மறைந்துவிடும், யாராவது கூப்பிட்டால்தான் வரும். இரண்டாவதாக, சூடு பார்க்கும் வேலை வேறொரு இடத்தில் இருக்கிறது என்றேன். அது இருந்தது. ஆனால் அதைக் கூப்பிடுவது தாத்தா. தாத்தாவைத்தான் யாரும் கூப்பிடவில்லையே. மூன்றாவதாக இன்னொன்று சொன்னேன்: தாத்தா ஒரு வேலையை நடுவில் யாரிடமாவது கேட்டால், சில சமயம் பதில் சொல்வது பிள்ளையாக இருக்கும், ஏனென்றால் உண்மையில் அங்கே நிற்பது பிள்ளைதான்.

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் அப்பாவைக் கூப்பிட்டா அவர் தாத்தாவைக் கூப்பிடாம இருக்கலாம். தாத்தாவைக் கூப்பிட்டா அவர் என்னையே கூப்பிடலாம். அப்படியா சார்?"

"அப்படித்தான்."

"இதுக்கு எங்க சொந்தக்காரங்களே தேவலை."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இருவரும் அந்த நடுத் தாளையே திருதிருவென்று பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்து நான்கு வருடம் இதையே தொழிலாகச் செய்பவன் நான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது.

"அப்பாவைத் தாண்டி நேரா தாத்தாவைக் கூப்பிட்டா?" என்றார் அக்கா.

"முடியாது. இந்த மொழியில அப்பாவை மட்டும்தான் கூப்பிட முடியும். அவரைத் தாண்டிப் போக வழியே வெக்கலை."

"முடிஞ்சாலும் தப்பு" என்று அவரே சொன்னார். நடுத் தாளில் விரலை வைத்தார். "மருந்துத் தண்ணியைத் தனியா வெளியேத்தறது அப்பாதான். அவரை விட்டுட்டா மருந்து துணியிலேயே நிக்கும்."

மேனேஜரிடம் போனோம். மேனேஜர் இளைஞர். திரையில் பச்சை தெரிந்தால் உலகத்தில் எல்லாம் நலம் என்று நம்புகிறவர். கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதியவரும் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், எழுதியவர் அக்கா, சரிபார்த்தவர் நான், இதில் என்ன தடங்கல் என்று கேட்டார்.

"டெஸ்ட் பச்சையா இருக்கே?"

"இருக்கு சார். எதுக்குப் பச்சைன்னுதான் தெரியலை" என்றார் அக்கா.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா சொல்வது சரி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, தவறு என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ முனகிவிட்டு வெளியே வந்தேன்.

என் இடத்துக்கு வந்ததும் அக்கா தானாகவே சொன்னார். நான் கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததை.

"இந்தக் கை நோட்டுனால போனது சார். மதிய ஷிப்ட்ல புதுசா ஒரு அம்மா வந்தாங்க. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மேலே உள்ளபடின்னு எழுதறது அவங்களுக்குப் பிடிக்காது, சோம்பேறித்தனம்னு சொல்வாங்க. எல்லாத்தையும் அவங்களே புதுசா வரிசையா எழுதினாங்க. அழகா இருந்துச்சு. கதவுக் கண்ணாடி ஆறிடுச்சான்னு தொட்டுப் பார்த்துட்டுத் திறன்னு மட்டும் எழுத விட்டுப்போச்சு. அதுக்குக் கீழே வந்தவங்கள்லாம் மேலே உள்ளபடின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மேலே போய்ப் பார்த்தா அவங்க பக்கத்தோட நின்னுடும். அப்ப மூணாம் நம்பருக்குப் பூட்டும் சரியில்லை. அஞ்சாம் நாள் நான் திறந்தேன்."

"நீங்கதான் பழைய ஆளாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"லீவுல போயிட்டு வந்தேன் சார். நோட்டுல எதாவது மாத்தியிருப்பாங்கன்னு நோட்டை நம்பினேன்."

"அப்படிப்பட்டவ நான். என் பிள்ளையில அதே மேலே உள்ளபடியைத்தான் எழுதிருக்கேன். மனுஷங்கதான் விடுவாங்க, கம்ப்யூட்டர் விடாதுன்னு நினைச்சேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் யாரோ எழுதிய நோட்டுதான் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க மறந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒரு பையில் தன் வீட்டுக் கெட்டிலைக் கொண்டுவந்திருந்தார். அலுவலகச் சமையலறையில் இருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். மூன்று கெட்டில்களையும் பின்னறையில் வரிசையாக வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டார். எங்கள் மாடல் மெஷினுக்கு வெந்நீர் கிடையாது. அலுவலகத்தில் பாய்லர் இல்லாததால் வாங்கிய நாளிலிருந்தே குழாய்த் தண்ணீரில்தான் ஓடுகிறது. அதன் உள்ளே சூடு எப்போதும் இருபத்தைந்தோ இருபத்தாறோதான். நாற்பதுக்குக் கீழே வரும்வரை காத்திரு என்று சொன்னாலும், சொல்லாவிட்டாலும், அது உடனே திறக்கும். இது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. எல்லா டெஸ்டும் பச்சையாகவே வந்ததற்குக் காரணம் குளிர்ந்த தண்ணீர்.

கை துடைக்கும் துண்டுகள் ஆறை உள்ளே போட்டார். கொதித்த தண்ணீரை ஊற்றினார். மறுபடி நிரப்பிக் கொதிக்க வைத்து மறுபடி ஊற்றினார். கதவை மூடினார். டிரம்முக்குள் இருக்கும் சூட்டுமானி எழுபத்தெட்டு காட்டியது. மேனேஜரும் வந்து வாசலில் நின்றார். அக்கா தன் புரோகிராமின் கடைசிக் கட்டத்தை மட்டும் ஓட விட்டார்.

தண்ணீர் வெளியேறியது. டிரம் ஒருமுறை சுழன்று நின்றது. எங்கேயாவது யாராவது காத்திருக்கிறார்களா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டக் என்று பூட்டு விட்டது. நான் கதவை இழுத்தேன். ஆவி முகத்தில் அடித்து என் மூக்குக் கண்ணாடி மறைந்துபோனது. துடைத்துப் போட்டுக்கொண்டு சூட்டுமானியைப் பார்த்தேன். எழுபத்தொன்று.

அக்கா உள்ளே இருந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தானாக வலது கைச் சட்டையைக் கீழே இறக்கியது.

மேனேஜர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்படின்னா ஒன்பது வருஷமா ஏன் ஒண்ணும் ஆகலை?"

நல்ல கேள்வி. இப்படி ஒரு ஓட்டை இருந்தால் நாற்பது இடத்தில் நாற்பது கை வெந்திருக்க வேண்டும். வேகவில்லை. அப்படியென்றால் ஓட்டை இல்லை. ஆனால் இப்போதுதானே கண்ணால் பார்த்தோம். வெந்நீர்ச் சலவைக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் அச்செடுத்தோம். அக்காவுடையது தவிர்த்துப் பதினொன்று. மேஜையில் இடமில்லாமல் தரையில் பரப்பி, அக்கா ஸ்கேலோடு குனிந்தார்.

முதல் பிள்ளையில், அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வரி: ஐந்து நிமிடம் காத்திரு. இரண்டாவதில், மூன்று நிமிடம் காத்திரு. மூன்றாவதில், சூடு குறையும்வரை காத்திரு. நான்காவதில் ஆறு நிமிடம். இப்படியே பதினொன்றிலும். எழுதியவர்கள் பதினொரு பேர், பல வருடங்களில், பாதிப் பேர் இப்போது இங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் எங்கேயோ சூடு பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் சத்தம் போடாமல் தன் பிள்ளைக்குள் ஒரு காத்திருவைச் சொருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த வரிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எதற்கு இந்த வெட்டி வரி என்று கேலி செய்திருக்கிறேன்.

"அப்பாக்கிட்ட குறை இருக்குன்னு பதினோரு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அக்கா. "யாரும் அப்பாக்கிட்ட போய்ச் சொல்லலை."

அப்பாவை யார் எழுதியது என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் புரோகிராமில் எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். திறந்தேன். அப்பாவின் 'கதவைத் திற' முதலில் எழுதப்பட்டபோது கடைசி வரியாக சூப்பர் இருந்திருக்கிறது. சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ அந்த வரியை எடுத்துவிட்டு, வெறும் 'பூட்டை விடு' என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: கண்காட்சியில் வெந்நீரில் ஓட்டி, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும்போது நாலு நிமிடம் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது, இப்போதைக்கு எடுத்திருக்கிறேன், பிறகு சேர்க்கவும்.

குறிப்பின் கீழே என் பெயர்.

எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகமே இல்லை. இன்று வரை ஞாபகம் வரவில்லை. காட்டியதும், வந்தவர்கள் கைதட்டியதும், யாரிடம் 'பிறகு சேர்க்கவும்' என்று எழுதினேன் என்பதும் ஒன்றும் நினைவில்லை. அவமானமாக இருந்தது. பக்கத்தில் அக்கா ஸ்கேலைத் திரையிலேயே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தது தெரிந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்து சமாளித்திருப்பேன்.

"அக்கா, இது நான்தான்" என்றேன்.

"தெரியுது சார்."

"எனக்கு ஞாபகமே இல்லை."

"அந்த அம்மாவும் இதையேதான் சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப வந்து பார்த்தாங்க."

அவர் அந்த அம்மாவை மன்னித்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

"சிம்பிள்தானே? நீங்களும் உங்க பிள்ளையில ஒரு காத்திரு போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அப்பாவைத் தொட்டா அந்தப் பதினொண்ணும் ரெண்டு தடவை காத்திருக்கும். நாப்பது இடத்துலேர்ந்தும் போன் வரும்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. எனக்கும் அதுதான் வசதி. அப்பாவைத் தொடாவிட்டால் அந்தக் குறிப்பை இன்னும் ஒன்பது வருடம் யாரும் பார்க்கப்போவதில்லை.

"பன்னிரண்டாவதா நானும் மூடி வெச்சுட்டுப் போனா பதிமூணாவதா ஒருத்தி வருவா சார்" என்றார் அக்கா. "அவ மேலே உள்ளபடின்னு எழுதுவா. அவளுக்கு யாரு சொல்லுவாங்க? ரெண்டு தடவை காத்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன். திங்கட்கிழமை என் தங்கச்சி கதவு அது."

மேனேஜர் மறுபடி என்னைப் பார்த்தார். இந்தமுறை நான் கூரையைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா கிளாஸைத் திறந்தேன். 'பூட்டை விடு' என்பதை அழித்தேன். அந்த இடத்தில் சூப்பர் என்று எழுதினேன். ஒரே ஒரு வரி. எழுத ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

மறுபடி மூன்று கெட்டில், மறுபடி துண்டுகள். தண்ணீர் வெளியேறியது, டிரம் சுழன்று நின்றது, பூட்டு விடவில்லை. அறுபத்தெட்டு. அறுபத்திரண்டு. அக்கா கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். பதினோரு நிமிடம் கழித்து முப்பத்தொன்பது காட்டியபோது டக் என்று திறந்தது. பன்னிரண்டு அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பதினொரு பிள்ளைகளில் இருக்கும் காத்திருக்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஒன்றை எடுத்தால் எது திறந்துகொள்ளுமோ என்ற பயத்தில் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை முழுவதும் அக்கா ஒரு வரியும் எழுதவில்லை. கைபேசியை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு மணி அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, என்ன மெஷின் இது?" தங்கையின் குரல். பின்னால் மற்ற மெஷின்களின் இரைச்சல். "துணி சுத்தி நின்னு எவ்வளவு நேரம் ஆச்சு, கதவு திறக்கவே மாட்டேங்குது. பழைய புரோகிராமே நல்லா இருந்துச்சு. கையை வெச்சு இழுத்தாலும் அசையலை."

"இழுக்காதே. கையை எடு" என்றார் அக்கா. முகத்தில் நாலு நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். இங்க ஏழு வண்டித் துணி நிக்குது. யாருக்கா இப்படி எழுதினது?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கைபேசியை என் பக்கம் நகர்த்தினார். "எழுதினவர் இங்கதான் இருக்கார். பேசு."

கைபேசிப் பக்கம் குனிந்தேன். அந்தப் பக்கம் டக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. கதவு திறக்கும் சத்தம், துணியை இழுத்து வண்டியில் போடும் சத்தம்.

"திறந்துடுச்சு. வெதுவெதுன்னுதான் இருக்கு சார். இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு நேரம் பிடிச்சு வெக்கணும்?"

"தப்பு என்னுதும்மா" என்றேன். "ஒன்பது வருஷமா என்னுதுதான். மன்னிச்சுக்குங்க."

"தப்புன்னு தெரியுதுல்ல சார்" என்றாள் அவள். "அப்ப சீக்கிரம் அந்தக் காத்திருக்கறதை எடுத்துடுங்க." போனை வைத்துவிட்டாள்.